குடும்பத்துக்கு ஒரு செடான், நாலு இன்ஜின்ல எதை எடுக்கலாம்?

ஒரு வாசகர் எழுதியிருக்கார்: "அண்ணே, வீட்ல நாங்க அஞ்சு பேர், நான், மனைவி, ரெண்டு பசங்க, அம்மா. கட்டுப்படியாகற விலையில ஒரு செடான் பாத்து வச்சிருக்கோம். அதே வண்டி நாலு இன்ஜின்ல வருது, 1.5 லிட்டர் சாதா பெட்ரோல், 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 1.5 டீசல், அப்புறம் 1.5 ஹைப்ரிட். ஆபீஸ் போக 7 கிலோமீட்டர், வர 7, போற வழியில பசங்கள ஸ்கூல்ல இறக்கி விடணும். மாசம் ஒரு தடவ போயிட்டு வர 300 கிலோமீட்டர் ஹைவேல போவோம். குறைஞ்சது 10 வருஷம் இந்த வண்டியத்தான் வச்சுக்கப் போறோம், நடு ரோட்ல நிக்கக் கூடாது, அதான் முக்கியம். ஷோரூம்ல டர்போ எடுங்கறாங்க, ஃப்ரெண்டு டீசல்ங்கறான், எனக்கு ஒண்ணும் புரியல."

தம்பி, முதல்ல பதில சொல்லிடறேன், காரணம் அப்புறம். உங்களுக்கு 1.5 சாதா பெட்ரோல். பணம் கொஞ்சம் எட்டும்னா, பெட்ரோல் இன்ஜினோட மின்மோட்டாரும் சேர்ந்து ஓடுற ஹைப்ரிட்டும் நல்லதுதான், ஆனா அது கட்டுப்படியாகுமான்னு கீழ ஒரு கணக்கு போட்டுக் காட்றேன், அத பாத்துட்டு முடிவு பண்ணுங்க. டர்போங்கறது காத்த அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுற சாமான், அத மோசம்னு சொல்ல மாட்டேன், உங்க ஓட்டத்துக்கு அது தேவையில்ல. டீசல் பக்கம் மட்டும் போகவே போகாதீங்க.

நீங்க அந்த 7 கிலோமீட்டர எழுதினதுனாலதான் என்னால இவ்வளவு உறுதியா சொல்ல முடியுது. நிறைய பேர் எழுதும்போது எந்த இன்ஜின் பெஸ்ட்னு மட்டும் கேப்பாங்க, தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவாங்கன்னே சொல்ல மாட்டாங்க. ஒரே இன்ஜின் தினமும் 80 கிலோமீட்டர் ஓடுறவர்கிட்ட 3 லட்சம் கிலோமீட்டர் தொந்தரவில்லாம போகும், அதே இன்ஜின் தினமும் அஞ்சு நிமிஷம் ஓட்டி ஆஃப் பண்றவர்கிட்ட லட்சம் தாண்டுறதுக்குள்ள ஆயில் குடிக்க ஆரம்பிச்சுடும்.

ஏன்னு சொல்றேன். காலைல ஸ்டார்ட் பண்ணா டேஷ்போர்டுல டெம்பரேச்சர் முள்ளு அஞ்சாறு நிமிஷத்துல நடுவுக்கு வந்துடும், வண்டி சூடாயிடுச்சுன்னு நாம நினைச்சுக்கறோம். அந்த முள்ளு காட்டுறது கூலண்ட் சூடு மட்டும்தான். கீழ சம்ப்ங்கற ஆயில் தொட்டில இருக்கற ஆயில் அந்தளவு சூடேற இன்னும் அவ்வளவு நேரம் ஆகும். அது வரைக்கும் என்ன நடக்குதுன்னா, இன்ஜின் குளிரா இருக்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோல கூடுதலா தெளிக்கும், அதுல எரியாம மிஞ்சுறது சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு பிஸ்டன் ரிங் தாண்டி ஆயில்ல போய் கலக்கும், பெட்ரோல் எரிஞ்சா தண்ணி ஆவியும் வரும், அதுலயும் ஒரு பங்கு கீழ இறங்கும். நீண்ட தூரம் ஓட்டினா ஆயில் நல்லா சூடாகி இது ரெண்டும் ஆவியா வெளிய போயிடும், குறைஞ்ச தூரத்துல நின்னுட்டா உள்ளயே தங்கிடும். பட்டறைக்கு வர்ற இந்த மாதிரி வண்டிகள்ல ஆயில் ஊத்துற மூடிய திறந்தா அடிப்பக்கம் வெளிர் மஞ்சளா ஒரு பசை அப்பியிருக்கும், அது ஆயிலும் தண்ணியும் சேர்ந்து நுரைச்சது. டிப்ஸ்டிக்க உருவி மூக்குகிட்ட கொண்டு போனா பெட்ரோல் வாடை குப்புன்னு வரும், சிலதுல ஆயில் லெவல் குறையறதுக்கு பதிலா ஏறியிருக்கும். ஓனர் "ஆயில் குறையவே இல்லண்ணே, சூப்பர் இன்ஜின்"னு சந்தோஷமா சொல்லுவார், ஆனா உள்ள ஆயில் நீர்த்துப் போய் பேரிங்குக்கு கிடைக்க வேண்டிய படலம் கிடைக்காம கிடக்கும்.

அதனால உங்க ஓட்டத்துக்கு எந்த இன்ஜின் இந்தக் கொடுமைய பொறுத்துக்கும்னுதான் பாக்கணும். மாசம் ஒரு தடவ 300 கிலோமீட்டர் ஹைவே போறீங்க பாருங்க, அது உங்க வண்டிக்கு பெரிய உபகாரம், அன்னைக்கு ஆயில் நல்லா காய்ஞ்சு சுத்தமாகும், அத விட்டுடாதீங்க.

கம்பெனி பேர வச்சு நம்பலாமான்னு அடுத்து கேப்பீங்க. கம்பெனி பேர் பாதி உண்மைதான் சொல்லும். டொயோட்டான்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்பாங்க, ஆனா 2000 வாக்குல கொரோலால வந்த 1.8 லிட்டர் 1 இசட்இசட் இன்ஜின்ல பிஸ்டன்ல ஆயில் திரும்பி வர்ற ஓட்டை சின்னதா இருந்துச்சு, அது அடைச்சு ரிங் ஒட்டிக்கிட்டு நிறைய வண்டி ஆயில் குடிச்சது, அப்புறம்தான் பிஸ்டன மாத்தி சரி பண்ணாங்க. ஹூண்டாய் தீட்டா 2ன்னு ஒரு இன்ஜின், 2.0 லிட்டரும் 2.4 லிட்டரும், 2015ல அமெரிக்காவுல 2011, 2012 மாடல் சொனாட்டா வண்டிகள திரும்பக் கூப்பிட்டாங்க, கிராங்க்ஷாஃப்ட கடைஞ்சப்போ உள்ள தங்கிப் போன உலோகத் தூள் ஆயில் வழிய அடைச்சு பேரிங்க தின்னுடும்னு. அதே கம்பெனிகளோட வேற இன்ஜின்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் சத்தமே இல்லாம ஓடிட்டு இருக்கு. அதனால "இந்த கம்பெனி நல்லதா"ன்னு கேக்காதீங்க, "இந்த இன்ஜின் நல்லதா, எத்தனை வருஷமா ஓடுது"ன்னு கேளுங்க. நாலஞ்சு வருஷமா அதே இன்ஜின் வேற வேற மாடல்ல போயிட்டிருந்தா, அதுல என்ன வியாதி வரும்னு எங்கள மாதிரி ஆளுங்களுக்கு தெரிஞ்சிருக்கும், பார்ட்ஸும் தாராளமா கிடைக்கும். இப்பதான் புதுசா வந்திருக்குன்னு பெருமையா சொன்னாங்கன்னா ரெண்டு வருஷம் வேற யாராவது ஓட்டிப் பாக்கட்டும்.

இப்ப டர்போவுக்கு வரேன். ஷோரூம்ல அத தள்ளுறதுல ஆச்சரியமில்ல, டெஸ்ட் டிரைவ்ல அதுதான் மனசக் கவரும். 1500 ஆர்பிஎம்லயே இழுவை வந்துடும், சாதா 1.5ல அந்த இழுவை 4000 பக்கத்துலதான் வரும், சிட்டில ஓட்டுறதுக்கு டர்போ அவ்வளவு சுகம். ஆனா 1.0 லிட்டர் மூணு சிலிண்டர்ல இருந்து 110, 120 குதிரைசக்தி எடுக்கறாங்க, சாதா 1.5 லிட்டர் நாலு சிலிண்டர்லயும் ஏறக்குறைய அதேதான் எடுக்கறாங்க, அப்போ ஒவ்வொரு லிட்டர் மேலயும் எவ்வளவு பாரம் ஏறுதுன்னு நீங்களே பாருங்க. ஒவ்வொரு பிஸ்டனும் ஒவ்வொரு பேரிங்கும் கூடுதலா உழைக்கணும், கூடுதல் சூட்டையும் தாங்கணும். அது போக டர்போன்னு ஒரு தனி சாமான் இருக்கு, சைலன்சர் பக்கம் செக்கச்செவேல்னு சூடாகும், உள்ள இருக்கற சின்ன ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 2 லட்சம் சுத்து வரைக்கும் சுத்தும், அத தாங்குறது மெல்லிசான ஒரு ஆயில் படலம் மட்டும்தான். அந்த ஆயில் நீர்த்துப் போயிருந்தா, இல்ல மாத்த வேண்டிய நேரத்துல மாத்தலன்னா, முதல்ல அடி வாங்குறது டர்போதான். ஹைவேல விரட்டிட்டு வந்து உடனே ஆஃப் பண்ணா அந்த சூட்டுல ஆயில் கருகி குழாய்க்குள்ள கரியா படியும், அடுத்த தடவ ஆயில் போக வழி குறுகிடும்.

இன்னொண்ணும் இருக்கு. சின்ன டர்போ இன்ஜின்ல குறைஞ்ச ஆர்பிஎம்ல, பெரிய கியர்ல, ஆக்சிலேட்டர அழுத்தி மிதிச்சா, பிளக் பத்த வைக்கறதுக்கு முன்னாடியே உள்ள தானா வெடிக்கும், ஒரு தடவ பலமா நடந்தாலே பிஸ்டன் உடையற அளவுக்கு அடி விழலாம். இத தடுக்கத்தான் ஆயில் தரத்தையே மாத்தினாங்க, ஏபிஐங்கற அமெரிக்க அமைப்போட தர வரிசைல 2018ல ஏபிஐ எஸ்என் பிளஸ்னு ஒண்ணு, 2020ல ஏபிஐ எஸ்பின்னு ஒண்ணு வந்துச்சு. டர்போ வாங்குறவங்க டப்பால அந்த எஸ்பி எழுத்தோ, அதுக்கு அப்புறம் வந்த தரமோ இருக்கான்னு பாத்துதான் ஊத்தணும். இதெல்லாம் கவனமா பாத்துக்கறவருக்கு, தினமும் நீண்ட தூரம் ஓட்டுறவருக்கு, டர்போ நல்லாவே ஓடும், ஓடிட்டு இருக்கற வண்டிகளும் நிறைய இருக்கு. ஆனா உங்க வண்டிய நாளைக்கு மனைவி ஓட்டுவாங்க, அவசரத்துக்கு ஆயில் எங்கயோ மாத்துவீங்க, பசங்கள இறக்கி விட்டு ஆபீஸ் வாசல்ல டக்குனு ஆஃப் பண்ணுவீங்க, அந்த மாதிரி வாழ்க்கைக்கு கவனம் குறைவா கேக்கற இன்ஜின்தான் சரி.

டர்போ பேச்சு வந்ததால, வால்வுகள சரியான நேரத்துல திறந்து மூட வைக்கற டைமிங் பெல்ட் பத்தியும் சொல்லணும். சில சின்ன டர்போ இன்ஜின்ல டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளயே நனைஞ்சுக்கிட்டு ஓடும். உரசல் குறையும், மைலேஜ் கூடும்னு அப்படி வச்சாங்க, ஆனா ஆயில்ல பெட்ரோல் கலந்தா ரப்பர் ஊறி உரிய ஆரம்பிக்கும், உரிஞ்ச துணுக்கு கீழ போய் ஆயில் பம்ப் சல்லடைய அடைக்கும், அப்புறம் ஆயில் பிரஷர் போச்சு, இன்ஜினும் போச்சு. பூஷோ, சிட்ரோன் வண்டில வந்த 1.2 லிட்டர் பியூர்டெக் இன்ஜினுக்கு இந்தத் தொந்தரவால 2024ல வாரண்டிய 10 வருஷம் இல்லன்னா 1,75,000 கிலோமீட்டர்னு நீட்டிக்க வேண்டியதாச்சு, அதோட புது பதிப்புல பெல்ட்ட எடுத்துட்டு செயின் போட்டுட்டாங்க. பெல்ட்ட ஊற வைக்கறதே ஆயில்ல கலக்கற பெட்ரோல்தான்னு ஆகும்போது, உங்க 7 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இந்த வகை ஒத்தே வராது. நீங்க எந்த இன்ஜின் எடுத்தாலும் சேல்ஸ்மேன்கிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி, டைமிங் செயினா, வெளிய இருக்கற பெல்ட்டா, ஆயில்ல நனையற பெல்ட்டான்னு. செயின் இருந்தா உத்தமம், ஒழுங்கா ஆயில் மாத்தினா இன்ஜின் ஆயுசு வரைக்கும் பெரும்பாலும் கை வைக்க வேண்டியதில்ல. வெளிய இருக்கற பெல்ட்டும் பரவால்ல, சொன்ன வருஷத்துல மாத்திடணும், கிலோமீட்டர் ஆகலன்னு விட்டுடக் கூடாது, ரப்பர் நின்ன இடத்துலயும் வயசாகும்.

ரெண்டாவது கேள்வி, பெட்ரோல எங்க தெளிக்குதுன்னு. பழைய முறைல இன்டேக் வால்வுக்கு முன்னாடி தெளிக்கும், போர்ட் இன்ஜெக்ஷன்னு பேர், 3, 4 பார் பிரஷர்தான். புது முறைல நேரா சிலிண்டருக்குள்ள தெளிக்கும், டைரக்ட் இன்ஜெக்ஷன், அதுக்கு 200 பாரில இருந்து 350 பார் வரைக்கும் பிரஷர் வேணும், அதனால கேம்ஷாஃப்ட் ஓட்டுற ஒரு ஹை பிரஷர் பம்ப், விலை கூடின இன்ஜெக்டர்னு சாமான் சேர்ந்துக்கிட்டே போகும். பவரும் மைலேஜும் கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனா பெட்ரோல்தான் இன்டேக் வால்வ தினமும் கழுவிட்டு இருந்துச்சு, உள்ள நேரா தெளிச்சா கழுவ ஆள் இல்ல. இன்ஜின் அடிப்பகுதியான கிராங்க்கேஸ்ல இருந்து வர்ற ஆயில் ஆவி வால்வு முதுகுல படிஞ்சு, சூட்டுல காய்ஞ்சு, கரி மேல கரியா ஏறும். இன்டேக் மேனிஃபோல்ட கழட்டி டார்ச் அடிச்சு பாத்தா வால்வு தண்டே தெரியாது, கருப்பா பொருக்கு பொருக்கா அடைச்சிருக்கும், ஸ்க்ரூடிரைவர் நுனியால கீறினா கட்டியா பேந்து வரும். அத சுத்தம் பண்ண வால்நட் ஓட்டத் தூளாக்கி காத்தோட சேர்த்து அடிக்கறோம், வால்வுக்கு கீறல் விழாம கரி மட்டும் போகும், ஆனா நேரம் பிடிக்கற வேலை, கூலியும் அதுக்கேத்த மாதிரிதான். காலைல ஸ்டார்ட் பண்ணா உதறுறது, ஐடிலிங் தடுமாறுறது, பிக்கப் குறையறது எல்லாம் இதோட அறிகுறி. டொயோட்டா 2005லயே ரெண்டு இடத்துலயும் இன்ஜெக்டர் வைக்கற முறைய கொண்டு வந்துச்சு, அது நல்ல தீர்வுதான், ஆனா கட்டுப்படியாகற வண்டிகள்ல அது அபூர்வம். டைரக்ட் இன்ஜெக்ஷன் எல்லாமே இப்படி அடைச்சுக்கும்னும் இல்ல, ஆயில் ஆவிய நல்லா பிரிச்சு எடுக்கற மாதிரி கட்டினா குறைவாதான் படியும். உங்க லிஸ்ட்ல இருக்கற சாதா 1.5 போர்ட் இன்ஜெக்ஷனா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், இருந்தாலும் கேட்டு உறுதிப்படுத்திக்கோங்க.

டீசல் பத்தி நீட்ட வேண்டாம். சைலன்சர்ல புகைக்கரிய பிடிச்சு வைக்க ஒரு ஃபில்டர் இருக்கு, சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவ அது தன்னைத்தானே எரிச்சு சுத்தம் பண்ணிக்கணும், அதுக்கு 600 டிகிரி பக்கம் சூடு வேணும், வண்டி கொஞ்ச நேரம் நிக்காம சீரான வேகத்துல ஓடணும். நீங்க பாதியில ஆபீஸ் வந்துடுச்சுன்னு ஆஃப் பண்ணுவீங்க. அப்படி ரெண்டு மூணு தடவ தடைபட்டா ஃபில்டர் அடைச்சு வார்னிங் லைட் வரும், எரிக்கறதுக்காக கூடுதலா தெளிச்ச டீசல் ஆயில்ல இறங்கும், புகைல ஒரு பங்க திரும்ப இன்ஜினுக்கு அனுப்புற இஜிஆர் வால்வும் கரி பிடிக்கும். உங்க ஃப்ரெண்டு தினம் 100 கிலோமீட்டர் ஓடுறவரா இருந்தா அவருக்கு டீசல் சரியா இருக்கும், அவர் அனுபவம் பொய்யில்ல, ஆனா அது உங்க ரோடு இல்ல.

ஹைப்ரிட்ட நான் மனசார மதிக்கிறேன். 1997ல ப்ரியஸ் வந்தப்போ இவ்வளவு சிக்கலான மிஷின் எத்தனை நாள் தாங்கும்னுதான் எல்லாரும் கேட்டாங்க, ஆனா அந்த வகை ஹைப்ரிட்ல தேய்மான சாமான் பாத்தா குறைச்சல்தான். கிளட்ச் இல்ல, ஸ்டார்ட்டர் மோட்டார் தனியா இல்ல, ஆல்டர்னேட்டர் இல்ல, கியர்பாக்ஸ்ங்கறது ஒரு பிளானட்டரி கியர் செட்டும் ரெண்டு மோட்டாரும்தான். பிரேக்கும் பாதி வேலைய மோட்டார்கிட்ட விட்டுடும், பேட் ரொம்ப நாள் வரும். இன்ஜின் நிதானமா, பாரம் குறைவா ஓடும். ஆனா ஹைப்ரிட்னு ஒட்டினதெல்லாம் இது இல்ல, சிலது சாதா இன்ஜினோட சின்ன மோட்டார ஒட்டினது, சிலதுல ரெண்டு கிளட்ச் வச்ச டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் இருக்கும், அதுக்கு நான் சொன்ன பெருமை பொருந்தாது, எந்த வகைன்னு கேளுங்க. பின்சீட்டு பக்கம் பேட்டரிக்கு காத்து இழுக்கற ஒரு ஃபில்டர் இருந்தா அத அப்பப்போ சுத்தம் பண்ணணும், தூசி அடைச்சா பேட்டரி சூடாகி சீக்கிரம் சாகும். அப்புறம் இன்ஜின் விட்டு விட்டு ஓடுறதால ஆயில் இன்னும் மெதுவாத்தான் சூடாகும், ஆயில் மாத்துறதுல சலுகை எடுத்துக்க முடியாது.

கணக்கு இதுதான். நீங்க சொன்னத கூட்டினா வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் வாக்குல வருது. சாதா பெட்ரோல் லிட்டருக்கு 15 குடுத்தா வருஷத்துக்கு 533 லிட்டர் ஆகும். ஹைப்ரிட் 22 குடுத்தா 364 லிட்டர். மிச்சம் ஏறக்குறைய 170 லிட்டர், 10 வருஷத்துக்கு 1,700 லிட்டர். இந்த 1,700ஐ உங்க பெட்ரோல் விலையால பெருக்கி, ரெண்டு வண்டிக்கும் இருக்கற விலை வித்தியாசத்துகிட்ட வச்சுப் பாருங்க, லோன்ல வாங்குறதா இருந்தா அந்த வித்தியாசத்துக்கு கட்டப் போற வட்டியையும் சேத்துக்கோங்க. வித்தியாசம் அதுக்குள்ள அடங்கினா ஹைப்ரிட் எடுங்க, நான் சந்தோஷப்படுவேன். அடங்கலன்னா கடன் வாங்கி பெட்ரோல் மிச்சம் பிடிக்க வேண்டாம், அந்தப் பணம் பசங்களுக்கு ஆகும். நீங்க வருஷம் 20,000 ஓடுறவரா இருந்தா என் பதிலே வேற.

சாதா 1.5ல என்ன குறைன்னும் மறைக்காம சொல்லிடறேன். அஞ்சு பேர் ஏறி, டிக்கி நிறைய சாமான் வச்சு, ஏசி போட்டு மேட்டுல ஏறினா இழுக்க மாட்டேங்குதுன்னு தோணும். அப்ப கியர ஒண்ணு குறைச்சு 4000 ஆர்பிஎம் வரைக்கும் ஏத்தி ஓட்டணும், சத்தம் வரும், பயப்படாதீங்க, அந்த இன்ஜின் அங்கதான் வேலை செய்யணும்னு கட்டினது. பெரிய கியர்லயே வச்சு திணற விடுறதுதான் அதுக்கு கெடுதல். ஹைவேல ஓவர்டேக் பண்ண கூடுதல் இடைவெளி வேணும், எதிர்ல வர்ற வண்டிய பாத்து கணக்கு போடும்போது இது டர்போ இழுவை இல்லாத வண்டின்னு ஞாபகம் இருக்கட்டும், பசங்க பின்னாடி உக்காந்திருப்பாங்க.

கியர்பாக்ஸ்ல கவனம் வைக்காம இன்ஜின் மட்டும் பாத்து வாங்கி மாட்டிக்கறவங்கதான் அதிகம். நல்ல இன்ஜினோட மோசமான கியர்பாக்ஸ் சேர்ந்தா நடு ரோட்ல நிக்கறது நிக்கறதுதான். மேனுவல் ஓட்ட சிரமமில்லன்னா அதுதான் மலிவு, ரிப்பேரும் சுலபம், கிளட்ச் மட்டும் ஒரு நாள் மாத்தணும். ஆட்டோமேட்டிக் வேணும்னா, ஆயில் வழியா சக்திய கடத்துற டார்க் கன்வர்ட்டர் வகை முதல் இடம். தனித்தனி கியர் இல்லாம பெல்ட்ல ஓடுற சிவிடி ரெண்டாவது, சாதா இன்ஜினோட அது நல்லாவே பொருந்தும், ஆனா அதோட ஆயில் "லைஃப் டைம், மாத்தவே வேண்டாம்"னு சொன்னா நம்பாதீங்க, 60,000 பக்கத்துல மாத்திடுங்க, கம்பெனி சொன்ன அதே ஆயில் மட்டும். கிளட்ச் ஆயில்ல நனையாத டிரை டூயல் கிளட்ச் வகை நெரிசல்ல இன்ச் இன்ச்சா ஊர்றதுக்கு லாயக்கில்ல, கிளட்ச் சூடாகி உதறும். ஃபோர்டு ஃபோகஸ், ஃபியஸ்டா வண்டில வந்த பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் மேல அமெரிக்காவுல ஓனர்கள் கூட்டமா கேஸ் போட்டதே இந்த உதறலுக்குத்தான். ஸ்கூல் வாசல் நெரிசல் எப்படியிருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

டெஸ்ட் டிரைவ் போறப்போ, முதல் நாளே ஃபோன் பண்ணி வண்டிய சூடு பண்ணாம வைக்கச் சொல்லுங்க, காலைல முதல் ஸ்டார்ட் நீங்க பண்ணுங்க. புது வண்டிதானேன்னு நினைக்க வேண்டாம், மூணு சிலிண்டரா நாலு சிலிண்டரான்னு ஸ்டீயரிங்ல வர்ற அதிர்வே சொல்லும், அம்மா பின்னாடி உக்காந்தா அந்த அதிர்வு அவங்களுக்கு ஆகுமான்னும் தெரியும். பானட்ட திறந்து டிப்ஸ்டிக் இருக்கான்னு பாருங்க, சில புது வண்டில அத எடுத்துட்டு சென்சார் மட்டும் வச்சிருக்காங்க, நான் கையால தொட்டு பாக்கற குச்சிதான் வேணும்பேன். ஆயில் ஃபில்டரும் பிளக்கும் கை எட்டுற இடத்துல இருக்கான்னும் பாருங்க, பிளக் மாத்த இன்டேக்கையே கழட்டணும்னா ஒவ்வொரு தடவையும் கூலி ஏறும். முடிஞ்சா அஞ்சு பேரும் ஏறி, ஏசி போட்டு, ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்க, தனியா ஓட்டினா எல்லா வண்டியும் பறக்கும்.

வாங்கினதுக்கு அப்புறம், ஆயில கிலோமீட்டர் கணக்குல மாத்தாதீங்க, நீங்க குறைவா ஓடுறவர். புக்ல 10,000 இல்லன்னா 1 வருஷம்னு போட்டிருந்தாலும் உங்க ஓட்டம் புக்ல கடுமையான உபயோகம்னு போட்டிருக்கற கட்டத்துல வரும், அதனால 6 மாசம் இல்லன்னா 5,000 கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அப்ப மாத்துங்க. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, சமதரையில நிறுத்தி, டிப்ஸ்டிக்க துடைச்சு விட்டு எடுத்து பாருங்க, குறைஞ்சாலும் சொல்லணும், ஏறினாலும் சொல்லணும். கூலண்ட் குறையுதுன்னு பச்சத்தண்ணி ஊத்திட்டு போயிட்டே இருக்காதீங்க, எங்க போகுதுன்னு பாக்கணும், ஹெட் கேஸ்கட் போறதெல்லாம் இந்த அலட்சியத்துலதான். சின்ன தூரத்துல 12 வோல்ட் பேட்டரி முழுசா சார்ஜ் ஆகாது, 4 வருஷம் ஆனதும் வருஷா வருஷம் டெஸ்ட் பண்ணிடுங்க, நடு ரோட்ல நிக்கற வண்டிகள்ல நிறைய இன்ஜின் பழுதே இல்ல, பேட்டரிதான்.

அடுத்த தடவ ஷோரூம் போகும்போது அந்த 1.5 பெட்ரோலோட இன்ஜின் குறியீடு (கோட்) என்னன்னு கேட்டு எழுதிட்டு வாங்க, பில் போடறவங்ககிட்ட இல்ல, உள்ள சர்வீஸ்ல இருக்கற ஆள்கிட்ட கேளுங்க, செயினா பெல்ட்டா, இன்ஜெக்ஷன் எந்த வகை, கியர்பாக்ஸ் என்னன்னு அவருக்குத்தான் தெரியும். அத எனக்கு அனுப்புங்க, அந்த இன்ஜினுக்குன்னு தனியா ஏதாவது வியாதி இருந்தா அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்.